ஐந்து பேரில் ஒருவர் அதிகம்

ஆர்லீன் கோவல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பண்ணை வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்து கில்டர்ன் பள்ளியில் இறக்குவாள். சாயங்காலம் அதே பிள்ளைகளை அதே வழியில் கொண்டுபோய் விடுவாள். நடுவில் கிடைக்கும் பகல் பொழுதில், பேருந்துக் கொட்டகையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாடகம் எழுதுவாள். ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. கனடாவின் சஸ்காட்செவன் குளிர்காலத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வசந்தம்வரை போய்ச் சேர வேண்டும். சிலருக்கு ஹாக்கி, சிலருக்குச் சீட்டு, சிலருக்கு விஸ்கி. ஆர்லீனுக்கு நாடகம்.

அவள் ஆசைப்பட்டு எழுத வந்தவள் இல்லை. கில்டர்ன் நாடகக் குழுவுக்கு வருஷா வருஷம் ஒரு நாடகம் தேடிப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. "எந்தப் புத்தகத்தத் தொறந்தாலும் ஆறு ஆம்பள, ரெண்டு பொம்பள. நம்மகிட்ட இருக்கறது ஏழெட்டுப் பொம்பள, ஒரு மில்டன்" என்று அலுத்துக்கொண்டே ஒரு வருஷம் அவளே எழுத உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மில்டன் தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் நெட்டை மனிதர். நடிக்கச் சொன்னால் தந்திக் கம்பம் மாதிரி நிற்பார். ஆனால் மேடை விளக்குகள் அவர் பொறுப்பு, சாமான் ஏற்றும் லாரியும் அவருடையது. ஆகவே ஆர்லீனின் நாடகம் ஒவ்வொன்றிலும் ஒரு தந்திக் கம்பத்துக்கு இடம் இருக்கும்.

புதிதாக நடிக்க வருகிறவர்களிடம் அவள் கலை, ஆத்மா என்றெல்லாம் பேச மாட்டாள். "மேடைக்குக் கொண்டுபோற பெட்டிக்குள்ள உருளைக்கிழங்கப் போடு. காலிப் பெட்டியத் தூக்கிட்டு வந்தா புருஷன விட்டுப் போறவ மாதிரியா இருக்கு? கடைக்குப் போறவ மாதிரி இருக்கு" என்பாள். கோப்பையில் நிஜக் காப்பி ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை அசையாது, பின்வரிசைக்காரனுக்குக்கூடத் தெரிந்துவிடும். வசனம் மறந்தால் தரையைப் பார்க்கக் கூடாது, தரையில் ஒன்றும் எழுதியிருக்காது. மேசையைத் துடை, ஜன்னலைச் சாத்து, எதிரில் இருக்கிறவளை முறைத்துப் பார், அவளுக்காவது ஞாபகம் வரும். ஊர் ஹாலுக்கும் ஹாக்கி அரங்கத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஆட்டம் நடந்தால், இந்தப் பக்கம் யாராவது சாகிற கட்டத்தில் கோல் விழுந்த சங்கு ஊதிவிடும். அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. "சங்கு ஊதினா, 'கேக் வெந்துருச்சு போல'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டு வா. சமையலறை இல்லாத நாடகத்த நான் எழுதறதே இல்ல, கவலப்படாத."

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. பனியில் வண்டியோட்டி ஹால் வாசலைத் தாண்டி வந்தவர் யாரையும் வேஷம் இல்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது. நடிக்கத் தெரிகிறதா என்பது அப்புறம். "எல்லாருக்கும் ஒரு வேஷம். ரெண்டு வரி கூட எழுதினா என்ன, கை தேஞ்சா போயிடும்?" என்பாள். இதில் தந்திரமும் இல்லாமல் இல்லை. இன்று வேஷம் கிடைக்காதவள் நாளைக்கு மேடைக்குச் சோபா தர மாட்டாள். ஆனால் ஆர்லீன் அந்த விதியை மனதார நம்பினாள் என்பதுதான் உண்மை.

அந்த விதியால் அதிகம் பிழைத்தவள் வெர்ணா ஹெல்கசன். ஆர்லீனின் பக்கத்து வீட்டுக்காரி, நாடகத்திலும் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரிதான். நடுவில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வருவாள், ஊர்வம்பு இரண்டு சொல்லுவாள், போய்விடுவாள். தட்டில் இருப்பது நிஜமான பெரோகி. உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் மாவுக்குள் வைத்து மடித்து, வேகவைத்து, வெங்காயத்தோடு வெண்ணெயில் புரட்டியது. அவள் தலையைக் கண்டதும் ஊர் சனம் கைதட்டும். "இன்னிக்கு வெங்காயம் தூக்கலா வெர்ணா?" என்று கீழேயிருந்து ஒரு குரல் வராத வருஷமே கிடையாது. வெர்ணாவும் நாடகத்தை நிறுத்திவிட்டு, "ஒனக்குக் கெடையாது, போ" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் தொடர்வாள். திரை விழுந்ததும் நடித்தவர்கள் மேடையிலேயே உட்கார்ந்து தட்டைக் காலி பண்ணுவார்கள்.

முந்தின குளிர்காலத்தில் வெர்ணாவின் புருஷன் ஹால்டர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அந்த வீட்டின் முன்பக்கத் திரைச்சீலை பகலிலும் மூடியே கிடந்தது. ஆர்லீன் தினமும் அந்த வீட்டைத் தாண்டிப் பேருந்து ஓட்டுகிறவள், பார்த்துக்கொண்டே போவாள். ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள், சீட்டாடக் கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒத்திகை தொடங்கிய வாரம்தான் திரைச்சீலை விலகியது. வெர்ணா எதைப் பிடித்துக்கொண்டு வசந்தம்வரை போகிறாள் என்பது ஆர்லீனுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தட்டைத்தான்.

இந்த வருஷம் நடிக்க வந்தது ஐந்தே பேர். நாடகத்துக்குப் பெயர் "சமையலறை மேசை". பண்ணை வீடு விலைக்கு வந்துவிட்டது, அம்மா இறந்துவிட்டாள், சாமான்களைப் பிரித்துக்கொள்ள இரண்டு மகள்கள் வருகிறார்கள். அம்மாவோடு கடைசிவரை இருந்தவள் மூத்தவள். மருந்துக்கடை கார்லா அந்த வேஷம். கல்கரிக்குப் போய்விட்டவள் இளையவள், அது புதிதாக வந்திருந்த பள்ளி ஆசிரியை டெஸ். எல்லாவற்றையும் சிரித்துப் பேசிப் பிரித்துக்கொண்டவர்கள் சமையலறை மேசையில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். மில்டன் வீட்டு விற்பனைத் தரகர். வெர்ணா தட்டோடு நடுவில் வந்து போகிறாள். கடைசியில் சித்தி வருகிறாள், சண்டையைக் கேட்கிறாள், மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொல்கிறாள்: "மேச யாருக்குன்னு இல்லடி, அம்மா யாருக்குன்னுதான் ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க." திரை. ஊரில் நடந்தபோது கைக்குட்டை எடுக்காதவர் இல்லை. சித்தி வேஷம் ஆர்லீன்.

பிப்ரவரியில் வட்டாரப் போட்டி. இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்த கையோடு நடுவர் மேடை ஏறி, மொத்த சனத்துக்கும் முன்னால் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பேசுவார். நடித்தவர்கள் முகத்துப் பவுடரோடு முன்வரிசையில் உட்கார்ந்து, சிரித்த முகமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுபேச்சுப் பேசக் கூடாது. பல் பிடுங்கும்போது நன்றி சொல்வது போன்ற காரியம்.

அந்த வருஷத்து நடுவர், கழுத்தில் சால்வை சுற்றிய ஒல்லி மனிதர். முதலில் பாராட்டினார். சகோதரிகள் கரண்டிகளை எண்ணிப் பிரிக்கும் இடத்தில் தனக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வந்தது என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். கில்டர்ன்காரர்கள் ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இந்த நாடகத்த நான் மாகாணப் போட்டிக்கு அனுப்பறேன். ஆனா ஒண்ணு சொல்லியாகணும். மேடையில அஞ்சு பேர் இருக்கீங்க. இது நாலு பேர் நாடகம். ஒருத்தர் அதிகம். யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. எழுதினவங்க கண்டுபிடிப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் ஐந்து பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாகாணப் போட்டிக்குப் போகிறவர்கள் மாதிரியே இல்லை. எழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"நான்தான் அது. எனக்கே தெரியுது. நான் வெளக்கு மட்டும் பாத்துக்கறேன்" என்றார் மில்டன், உருளைக்கிழங்கு வறுவலில் கிரேவியை ஊற்றிக்கொண்டே.

"நீ இல்லன்னா வீட்ட யாரு விப்பா?" என்றாள் கார்லா. "கம்பமா இருந்தாலும் வேணுமில்ல."

"ஒருவேள நானோ?" என்றாள் டெஸ், சின்னக் குரலில்.

"அட நீ வேற! நீ இல்லன்னா நான் யார்கூட சண்ட போடறது, செவுத்தோடயா?"

வெர்ணா உப்புச் சீசாவை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஆர்லீன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

ஊர் திரும்பியபின், கொட்டகை ஹீட்டருக்குப் பக்கத்தில் அவள் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தாள். சகோதரிகள் இல்லாமல் நாடகமே இல்லை. தரகர் இல்லாவிட்டால் வீடு ஏன் காலியாகிறது என்று தெரியாது, லாரிக்கும் வழியில்லை. மிச்சம் வெர்ணா. யோசிக்க யோசிக்க அதுதான் சரி என்று பட்டது. சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் வெர்ணா தட்டோடு வருகிறாள், சனம் கைதட்டுகிறது, மறுபடி சூடு ஏற்ற வேண்டியிருக்கிறது. வெளியூரில் கைதட்ட ஆள் இல்லாதபோது அந்த இடம் வெறும் ஓட்டையாகத்தான் இருந்தது. சித்தியை எடுத்துவிடலாம் என்ற எண்ணம் ஆர்லீனின் தலையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வசனம் சித்தியுடையது. வருஷா வருஷம் கடைசி வசனம் ஆர்லீனின் வேஷத்துக்குத்தான் வந்து அமையும். அது தானாக அப்படி அமைந்துவிடுகிறது என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

எழுந்து வெர்ணா வீட்டுக்கு நடந்தாள். வெர்ணா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வெர்ணா, ஒரு விஷயம். போட்டிக்காரங்க நேரத்துல ரொம்ப கறாரு. நம்ம நாடகம் கொஞ்சம் நீளமாப் போகுது. அதனால எங்கயாவது கொஞ்சம்..."

"ம்."

"இந்த ஒரு தடவதான். அடுத்த வருஷம் ஒனக்குன்னே பெரிசா ஒண்ணு எழுதறேன்."

வெர்ணா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்த மனுஷன் சொன்ன ஆளு நானா?"

"அப்படி இல்ல வெர்ணா, நேரம்தான்..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா" என்றாள் ஆர்லீன்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? நேரம் கீரம்னு எதுக்கு ஜவ்வு மாதிரி இழுக்கற?" என்று சொல்லிவிட்டு வெர்ணா மாவைத் திருப்பிப் போட்டாள். "துணிமணி நான் பாத்துக்கறேன். போட்டிக்கு வேனும் நானே ஓட்டறேன். நீ ஓட்டினா வழியில இருக்கற வீட்டுக்கெல்லாம் நின்னு நின்னு போவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆர்லீனும் சிரித்தாள். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சரியான காரியத்தைத்தான் செய்திருக்கிறோம், அப்புறம் ஏன் இப்படித் திருடி மாதிரி நடக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஒத்திகைக்கு வெர்ணா சொன்னபடியே வந்தாள். துணிகளைத் தேய்த்து மாட்டினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். வெர்ணா கடைத் தீனி வாங்கி வந்து கில்டர்னில் யாரும் பார்த்ததில்லை. மில்டன் அதைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது?"

"பிஸ்கட். மேலயே எழுதியிருக்கே, படிக்கத் தெரியுமில்ல?"

ஒத்திகை முடிந்தும் பாக்கெட் பிரிக்கப்படாமலே கிடந்தது. மறுநாள் காலை பேருந்திலிருந்து பார்த்தபோது வெர்ணா வீட்டுத் திரைச்சீலை மூடியிருந்தது. அதற்கடுத்த நாளும் மூடியிருந்தது. ஆர்லீனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. எல்லாருக்கும் ஒரு வேஷம் என்று ஊரெல்லாம் பறைசாற்றியவள், மூடிய திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு தினமும் கியர் மாற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

இவ்வளவுக்கும் நாடகமாவது தேறியதா என்றால், அதுவும் இல்லை. நடுவில் ஓட்டை அடைபட்டது உண்மை. ஆனால் கடைசிக் கட்டம் முன்னைவிட மோசமாக நொண்டியது. சித்தி வந்து மேசையைத் தட்டிப் பேசியதும் கார்லாவும் டெஸ்ஸும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள்.

"ஆர்லீன், நீ பேசி முடிச்சதும் எனக்கு என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல" என்றாள் கார்லா ஒரு நாள். "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"பழகினா சரியாயிடும்" என்றாள் ஆர்லீன், கொஞ்சம் சூடாகவே. நடிகர்கள் குறை சொன்னால் அவள் சொல்லும் வாடிக்கையான பதில் அது.

மார்ச்சில் ஒரு நாள், மதியத்திலேயே வானம் வெளுத்துப் பனிக்காற்று கிளம்பியது. பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஆர்லீன் பிள்ளைகளை ஒவ்வொரு பண்ணையாக இறக்கிக்கொண்டே போனாள். கடைசிப் பண்ணையில் பிள்ளைகளை இறக்கும்போது சாலையும் வயலும் ஒன்றாகிவிட்டன. பண்ணைக்காரி அவளைப் போக விடவில்லை. சூப்பைக் கொடுத்து உட்கார வைத்தாள். பொழுது சாய்ந்தபின் காற்று தணிந்து, பனி தள்ளும் வண்டி வந்தது. அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து ஆர்லீன் ஊருக்குள் வந்தாள்.

ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஊருக்குள்ளேயே இருப்பவர்கள், நடந்து வந்து ஒத்திகையை ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். பின்கதவைத் திறந்து, பனி ஒட்டிய பூட்ஸோடு, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். யாரும் கவனிக்கவில்லை. மேடையில் கடைசிக் கட்டம்.

"எடுத்துக்கோ. மேசைய நீயே எடுத்துக்கோ" என்றாள் கார்லா.

"எனக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ" என்றாள் டெஸ்.

இரண்டு பேரும் நின்றார்கள். சித்தி வர வேண்டிய இடம்.

"சித்தி எங்க? ஆளே இல்லையே" என்று விளக்குப் பக்கத்திலிருந்து மில்டன் குரல் கொடுத்தார். "வெர்ணா, நீ கொஞ்சம் போய் நில்லேன்."

"அவ வசனம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன், அது அவளோடது."

"ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா போ. நீங்க ரெண்டு பேரும் அப்படியே இருங்க, நிறுத்தாதீங்க."

வெர்ணா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எழுந்தாள். வெறும் கையோடு மேடையேற அவளுக்குப் பழக்கமில்லை. சுற்றிலும் பார்த்தாள். அந்தக் கடை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு தட்டில் நாலைப் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போனவள் சகோதரிகளைப் பார்த்தாள். முதலில் மூத்தவளை, அப்புறம் இளையவளை. தட்டை மேசைக்கு நடுவில் வைத்தாள். அம்மாவின் நாற்காலி கோணலாகக் கிடந்தது. உட்காரப் போகிறாள் என்று பார்த்தால், அதை நேராக்கி மேசையோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள். அந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஹால்டரின் நாற்காலியையும் அவள் இப்படித்தான் தள்ளி வைத்திருப்பாள் என்று ஆர்லீனுக்குத் தோன்றியது. பிறகு வந்த வழியே போய்விட்டாள்.

கார்லா உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து டெஸ்ஸும் உட்கார்ந்தாள். டெஸ் ஒரு பிஸ்கட்டை எடுத்து, இரண்டாக ஒடித்து, பாதியை அக்காவின் முன்னால் வைத்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. கார்லா அதை எடுத்துத் தின்றாள்.

பின்னால் நின்ற ஆர்லீனுக்குச் சித்தியின் அந்த வசனம் தொண்டைவரை வந்துவிட்டது. வந்து, போக இடமில்லாமல் நின்றது. அதைச் சொல்வதற்கு மேடையில் ஓர் இடம்கூட இல்லை. அது ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, யாரும் வாயைத் திறக்காமலே. இத்தனை நாளும் இதற்கு நடுவில் போய் நின்று, மேசையைத் தட்டி, எல்லாருக்கும் விளங்கிவிட்டதையே விளக்கிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. நாடகத்துக்காகப் பாதி, வெட்கத்தில் பாதி.

மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டு மில்டன் திரும்பினார். "யாரது?"

"நான்தான்" என்றாள் ஆர்லீன். "அந்த அதிகமான ஆளு."

ஒருவருக்கும் புரியவில்லை. அவள் மேடைக்குக் கீழே வந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சித்தி கிடையாது. கடைசி வசனம் கிடையாது. நடுவில் வந்த பக்கத்து வீட்டுக்காரி இனிமேல் கடைசியில் வருவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

"நான் வாயத் தொறக்காமலா? அது நடக்கற காரியமா?" என்றாள் வெர்ணா.

"இப்ப நடந்துச்சே."

"அது சரி. அப்ப நீ என்ன பண்ணுவ? எல்லாருக்கும் ஒரு வேஷம்னு ஒரு சட்டம் வெச்சிருந்தியே?"

"முன்னால உக்காந்து பாக்கறேன். நான் எழுதினத நான் ஒரு நாளும் பாத்ததில்ல வெர்ணா. எப்பவும் உள்ளயே நின்னுக்கிட்டு இருந்தேன்." பிறகு, எல்லாரும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "ஒன்ன வெளிய அனுப்பினேன், அதுவும் பொய் சொல்லி. என்னை எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. மன்னிச்சுடு."

வெர்ணா தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள். "மன்னிக்கறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்த பிஸ்கட்டத் தின்னு. நல்லாவே இல்ல, நீதான் தின்னணும்."

ஏப்ரலில் மாகாணப் போட்டி. பெரிய அரங்கம், சிவப்பு நாற்காலிகள். முகத்தில் பவுடர் இல்லாமல், முழங்காலில் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் ஆர்லீன் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வேர்த்தது. மேடையில் நிற்கும்போது இப்படி வேர்த்ததில்லை. ஒரு வசனம் தடுமாறினால் கைகொடுக்க முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. எழுதியவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று நினைத்துக்கொண்டாள். மில்டன் இரண்டு வரிகளை மாற்றிச் சொன்னார். வீடு எப்படியோ விலைபோய்விட்டது.

கடைசிக் கட்டம் வந்தது. வெர்ணா தட்டோடு வந்தாள். இங்கே அவளை யாருக்கும் தெரியாது, ஒருவரும் கைதட்டவில்லை. பெரோகியின் வெங்காய வாசனை மட்டும் மெதுவாகக் கீழே இறங்கி வந்தது. தட்டை வைத்தாள், நாற்காலியைத் தள்ளினாள், முதுகில் கை வைத்து நின்றாள், போனாள். டெஸ் முள்கரண்டியால் ஒரு பெரோகியை இரண்டாக வெட்டிப் பாதியை அக்கா பக்கம் தள்ளினாள். அரங்கத்தில் ஒரு செருமல்கூட இல்லை. ஆர்லீனின் உதடுகள் தன்னால் அசைந்தன. சத்தம் வராமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு பெண்மணி, தன் புருஷன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"பாவம். மேசைக்கா அடிச்சுக்கிட்டாங்க? அம்மா யாருக்குன்னுதான."

ஆர்லீன் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்மணி வெட்கப்பட்டு, "மன்னிச்சுக்கோங்க, சத்தமாப் பேசிட்டேனா?" என்றாள்.

"இல்ல" என்றாள் ஆர்லீன். "சரியாத்தான் சொன்னீங்க."

பரிசு வேறு ஊருக்குப் போனது. அந்த ஊர்க்காரர்கள் மேடையில் நிஜமாகவே மழை பெய்ய வைத்தார்கள், அதுதான் காரணம் என்று மில்டன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆர்லீன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் போனாள். நாலு பேரும் பெட்டிமேல் உட்கார்ந்து தட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகலாமா என்று அவள் வாசலிலேயே தயங்கினாள். நடித்தவர்கள் சாப்பிடும் தட்டு அது.

வெர்ணா அவளைப் பார்த்தாள். கடைசிப் பெரோகியை எடுத்து ஆர்லீனின் வாயில் திணித்தாள். பிறகு வெண்ணெய் படிந்த காலித் தட்டை அவள் கையில் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் ஒரு வேஷம்னு நீதான சொன்ன? இந்தா, இது ஒன்னோடது. நல்லாத் தேச்சுக் கழுவு."

ஆர்லீன் வாய் நிறையப் பெரோகியோடு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.